கொக்காவெலக் கிணறு

அத்தியாயம் ஏழு

“என்ன காணாமற்போய்விட்டது?” என்று கேட்டான் சிப்பாய்.

“ஒரு சதுப்பு நிலம்” என்றார் வரதராசா.

களனிப் பாலத்துச் சோதனைச் சாவடியில் வரிசை நீண்டுகொண்டே போனது. சுதந்திரப் பொன்விழா நெருங்குகிறது. கொழும்புக்குள் வருகிறவர்களை மட்டும் குடைந்தவர்கள் இப்போது வெளியே போகிறவர்களையும் விடுவதில்லை. சிப்பாய் அடையாள அட்டையைத் திருப்பினான். பிறந்த இடம் புங்குடுதீவு. அந்தச் சொல்லைத் தாண்டி அவன் பார்வை நகரவில்லை. வெள்ளவத்தைப் பொலிஸ் பதிவுத் துண்டைக் கேட்டு வாங்கி, அதையும் வெயிலில் பிடித்துப் பார்த்தான்.

“நிலம் எப்படி ஐயா காணாமற்போகும்?”

“துப்பறிவாளன் என்று சொன்னேன் அல்லவா? அதைப் பார்க்கத்தான் போகிறேன், மல்லி” என்றார், சிங்களத்தில் தம்பி என்று அழைத்து.

சிப்பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு சந்தேகப்பட முடியாது. போகச் சொல்லிக் கைகாட்டினான்.

ஸ்கூட்டரை உதைத்தான் ஸாலிஹ். வரதராசாவின் உதவியாளன். கிராண்ட்பாஸில் பிறந்து வளர்ந்தவன். அவனுக்கு இருபத்தாறு வயது. அவன் வாய்க்கு வயதே இல்லை.

“மத்த டிடெக்டிவ்மாருக்குக் கொலை கிடைக்கிது, வைர நெக்லஸ் கிடைக்கிது. எங்களுக்கு மட்டும் சேறு, சேர்.”

“இதுவும் கொலைதான். பிணத்துக்கு மேல கிரவல் மண் கொட்டி மூடியிருக்கிறாங்கள்.”

“நோன்பு நேரம் பிணத்தைப் பத்திக் கதைக்காதீங்க. சாப்பாட்டைப் பத்தியும் கதைக்க ஏலா. அப்ப வேற என்னதான் ஈக்கிது கதைக்கிறதுக்கு?”

நீர்கொழும்பு வீதி பஸ்களைச் சுற்றிச் சுற்றி ஸ்கூட்டர் வத்தளையை நோக்கி ஓடியது. வரதராசா பின்னால் இருந்து, முதல் நாள் கேட்ட கதையை மனதுக்குள் மறுபடி ஓடவிட்டார்.

வெள்ளவத்தையில் சேலைக்கடைக்கு மேலே இருக்கும் அவருடைய அலுவலகத்துக்கு வந்தவள் றோஸி. ஹெந்தளைக்காரி. அவர்கள் வீடுகள் நிற்கும் ஒடுங்கிய ஒழுங்கைக்குப் பின்னால் கொக்காவெல என்ற சதுப்பு. மழை வந்தால் தண்ணீர் அங்கே போய்த் தேங்கும், ஒழுங்கை காய்ந்திருக்கும். அதைக் காக்கவேண்டும் என்று அரசாங்கம் வர்த்தமானி இதழில் போட்டது, பலகையும் நட்டது. பலகை நட்ட அடுத்த வருடமே லொறிகள் வந்தன. போன வைகாசி மழையில் றோஸியின் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே மீன் நீந்தியது.

அவள் கணவன் கிளறன்ஸ் ஏறாத கந்தோர் இல்லை. எல்லோரும் மரியாதையாக உட்காரக் கதிரை கொடுத்தார்கள். கதிரையைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை.

மண் போடுகிறவர் சிவபாதசுந்தரம். காணி துண்டு போட்டு விற்கிற கொம்பனிக்காரர். அவர் ஒரு புதுக் கதை சொன்னார். அந்த இடம் சதுப்பே அல்ல, பழைய குடியிருப்புத் தோட்டம். முப்பது வருடமாக ஒரு குடும்பம் அங்கே வீடு கட்டி, கிணறு தோண்டி வாழ்கிறது. நெடுங்காலம் மக்கள் குடியிருந்த நிலத்தைச் சதுப்பு விதி தொடாது. இதை எதிர்க்கப் போன கிளறன்ஸ், அந்தக் குடும்பத்தைக் கத்தி காட்டி மிரட்டினான் என்று ஒரு முறைப்பாடும் போனது. தமிழன், கையில் கத்தி, காலம் யுத்தகாலம். மூன்று வாரமாக உள்ளே இருக்கிறான்.

இன்று பின்னேரம் அரசாங்க அதிகாரி நேரில் வந்து பார்க்கிறார். ‘பழைய தோட்டம்’ என்று அவர் எழுதிவிட்டால் கொக்காவெல போய்விடும். அதோடு கிளறன்ஸ் மிரட்டிய ‘குடும்பமும்’ உண்மையாகிவிடும்.

“அங்க ஒருத்தரும் குடியிருக்கேல்லை எண்டு காட்டவேணும்” என்றார் வரதராசா சத்தமாக.

“அவ்வளவுதானே?” என்றான் ஸாலிஹ். “குடியிருந்தா காட்டலாம். குடியிருக்காததை எங்க போய்க் காட்டுற?”

*

அரசாங்கப் பலகை இன்னும் நின்றது. ‘பாதுகாக்கப்பட்ட சதுப்பு நிலம். மண் நிரப்புவது தண்டனைக்குரிய குற்றம்’ என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. லொறி இடித்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதன் காலடியிலிருந்து சிவப்புக் கிரவல் தொடங்கி, கண்ணுக்கெட்டிய வரை பரந்து கிடந்தது. தூரத்தில் மிஞ்சியிருந்த நாணல் ஓரத்தில் இரண்டு கொக்குகள் நின்றன.

பக்கத்திலே கொம்பனியின் பெரிய விளம்பரம். ‘கிறீன் லகூன் கார்டன்ஸ்.’ அதிலும் ஒரு கொக்கு.

“பாருங்க சேர்! கொக்கு எல்லாத்தையும் படத்துக்கு மாத்திட்டாங்க.”

காவலுக்கு ஆள் இல்லை. நடுத் திடலில் ஓட்டு வீடு ஒன்று. பழைய செங்கல், பாசி பிடித்த ஓடு, பக்கத்தில் துலாவும் கட்டும் வைத்த கிணறு. பார்த்தால் அறுபது வருடம் சொல்லலாம். வரதராசா கதவருகே குனிந்தார். தேக்குக் கதவு. அதன் நடுவில் கடிதம் போடுவதற்கென்று பித்தளை விளிம்பு வைத்த துவாரம்.

“சதுப்புக்குள்ள தபால் துவாரம்!” என்றான் ஸாலிஹ். “கடிதம் போடுறது யார், நண்டா?”

“கொட்டாஞ்சேனையில பழைய வீடுகளை இடிச்சு மாடி பிளட்ஸ் கட்டுறாங்கள். அங்க இருந்து வந்த கதவு. செங்கல்லும் அங்கயிருந்துதான் வந்திருக்கும்.”

கதவு திறந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தபடி நின்றாள். பத்மாவதி என்று பெயர் சொன்னாள். முப்பது வருடமாக இங்கேதான் இருக்கிறோம் என்று, கேட்கும் முன்பே சொன்னாள்.

“அம்மாட பேச்சு வன்னிப் பேச்சு மாதிரிக் கிடக்கு?” என்றார் வரதராசா.

“ஓம்... கலியாணம் முடிச்சு வந்தனான். அவர் இப்ப இல்லை.” அவள் கண்கள் அவர் தோளுக்கு மேலாகப் பாய்ந்தன. “ஐயோ தம்பி! அது வேண்டாம்!”

வரதராசா திரும்பினார். வாசலோரம் நின்ற பிளாஸ்டிக் கேனைச் சாய்த்து, ஸாலிஹ் முழங்கை வரை கழுவிக்கொண்டிருந்தான். நண்பகல் லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. காலையும் கழுவி முடித்தான். கேனில் ஒரு சொட்டும் இல்லை.

“மன்னிச்சிக்கோங்க. கிணறு பக்கத்திலேயே ஈக்கிதுதானே, அள்ளித் தாறேன்.”

“வேண்டாம். பரவாயில்லை” என்றாள் அவள். முகம் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

ஸாலிஹ் மர நிழல் தேடிப் பார்த்தான். திடலில் மரமே இல்லை. வீட்டுச் சுவரோரம் பாயை விரித்தான். வரதராசா உள்ளே இருந்த ஒற்றை வாங்குப் பலகையில் உட்கார்ந்து, தேத்தண்ணி கேட்டார். சாட்சியோடு கதைக்க அதைவிட நல்ல வழி அவருக்குத் தெரியாது. பத்மாவதி தயங்கினாள்.

“ஐயா, தண்ணி...” என்று தொடங்கி, “சீனி கொஞ்சம் குறைவு” என்று முடித்தாள்.

கிணற்றிலிருந்து வாளி ஏறும் சத்தம் கேட்டது. குவளை வந்தது. அவர் ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறு. பிறகு ஒரே மூச்சு.

“அம்மா, இருபது வருஷமாக் கொழும்பில இருக்கிறன். இப்பிடி ஒரு தேத்தண்ணி ஒருத்தரும் தரேல்லை. இன்னொண்டு ஊத்துவியளே?”

பேயைக் கண்டதுபோல் அவரைப் பார்த்தாள் பத்மாவதி. ஆனாலும் ஊற்றிக் கொடுத்தாள்.

கிளறன்ஸைப் பற்றிக் கேட்டபோது அவள் நிலத்தைப் பார்த்தாள். முறைப்பாடு சிங்களத்தில் எழுதியிருந்தது, கையெழுத்து வைக்கச் சொன்னார்கள், வைத்தேன் என்றாள்.

“வைக்காட்டி?”

“பொலிஸ் பதிவு இல்லை ஐயா எனக்கு. அவர்தான் இருக்க இடம் தந்தவர்.” சொல்லிவிட்டு உதட்டைக் கடித்தாள். “நான் ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள் போங்கோ.”

வெளியே வந்ததும் ஸாலிஹ் கேட்டான்: “என்ன கிடைச்சிச்சி?”

“ஒரு கதவு. ரெண்டு குவளை அருமையான தேத்தண்ணி.”

“நோன்பாளிக்கு முன்னால இப்பிடிச் செல்றது பாவம் சேர்.”

*

றோஸியின் வீட்டுச் சுவரில், முழங்கால் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு ஓடியது. போன வைகாசியின் கையெழுத்து.

“மூண்டு தரம் வெள்ளையடிச்சிட்டேன். திரும்பத் திரும்ப வருது” என்றாள் அவள். தேத்தண்ணியை அவர் கையில் கொடுத்தாள்.

அவள் உட்காரும் முன்பே வாசலில் கார் ஒன்று நின்றது. வெள்ளை நீளக்கைச் சட்டை, விரல் நிறைய மோதிரம். சிவபாதசுந்தரம்.

“ஆ, வரதர்! வெள்ளவத்தையில உம்மட போர்டைக் கண்டனான். பிள்ளை றோஸி, நான் சுத்தி வளைச்சுக் கதைக்கிற ஆளில்லை. உம்மட பெட்டிஷனை வாபஸ் வாங்கும். நான் முறைப்பாட்டை வாபஸ் வாங்கிறன். கிளறன்ஸ் இண்டைக்கு ராச் சாப்பாட்டுக்கு வீட்டில நிப்பான்.”

றோஸி சுவரிலிருந்த திருக்குடும்பப் படத்தைப் பார்த்தாள். அதன் கீழே மாட்டியிருந்த கணவனின் சட்டையைப் பார்த்தாள்.

“நேத்து அவரைப் பாக்கப் போனேன்” என்றாள். “கம்பிக்கு அந்தப் பக்கம் நிண்டு அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? ‘லொறி ஓடுதா?’ நான் இப்ப ஓம் எண்டா, வீட்டுக்கு வந்தும் அதைத்தான் கேப்பார். என்ன பதில் சொல்றது?”

“ஒரு சேத்துக் குழிக்காகப் புருஷனை உள்ள வைச்சிருக்கப் போறீரோ?”

“குழி எண்டுதானே சொல்றீங்க? குழியில தண்ணி இருந்தா ஊருக்கு நல்லம். குழியை மூடினா ஊரே குழி. போங்க ஐயா.”

கார் கதவு அறைந்து மூடியது.

ஸாலிஹ் மெல்லச் சொன்னான்: “சேர், இவங்க என்னைய உதவியாளா வெச்சிக்கிட்டா நான் இவங்களுக்கு வேலை செய்யத் தயார்.”

வரதராசா றோஸியின் தேத்தண்ணியை வாயில் வைத்துவிட்டு, முகத்தைச் சுளித்துக் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளை, இதில என்னவோ குறையுது.”

“என்ன குறையுது? மூண்டு கரண்டி சீனி போட்டேன்! கொதிக்கக் கொதிக்க ஊத்தினேன்!”

“சீனி இல்லை...” அவர் எழுந்துவிட்டார். “இது எந்தத் தண்ணி?”

“ஒழுங்கை முகப்பில இருக்கிற பைப் தண்ணி. எல்லாருக்கும் அதுதான். நாலு வருஷத்துக்கு முந்தி கிளறன்ஸ்தான் அலைஞ்சு அலைஞ்சு எடுத்துத் தந்தார். அதுக்கு முதல் கோயில் கிணத்துக்குத்தான் போவோம், ஒரு மைல் தூரம்.”

“ஒழுங்கைக்கு வெளியில இருந்து ஆரும் பைப்புக்கு வருகினமோ?”

“ஒரு அக்கா வருவா. சைக்கிள்ல கேன் கட்டிக்கிட்டு. எங்கயிருந்து எண்டு சொல்ல மாட்டா, பயந்த சுபாவம். வரிசை நீளமா இருந்தா நான் முன்னால விட்டு நிரப்பிக் குடுப்பேன். ஏன்?”

வரதராசா குவளையைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் பரவிய சிரிப்பைப் பார்த்து ஸாலிஹ் இரண்டடி பின்வாங்கினான். அந்தச் சிரிப்பு வந்தால் அவனுக்கு ஏதாவது வேலை வரும்.

“ஸாலிஹ், உன்ர அடுத்த தொழுகை எத்தனை மணிக்கு?”

“அஸர். மூணே முக்கால் போல. ஏன் சேர், நீங்களும் வாறீங்களா?”

“உன்ர வாயாலதான் இண்டைக்கு வழக்கு வெல்லப்போறம்.”

“இத்தனை வருஷத்தில இண்டைக்குத்தான் அதைச் செல்றீங்க!”

*

அதிகாரி குணதிலக குடை பிடித்துக்கொண்டு வந்தார். சதுப்புப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர். சப்பாத்தில் சேறு படாத இடமாகப் பார்த்து நின்றார். இப்போது அப்படியான இடத்துக்குப் பஞ்சமில்லை. பக்கத்தில் ஒரு பொலிஸ் சார்ஜன்ட். ஒழுங்கைச் சனம் ஐம்பது பேராவது வாசல் கேற்றுக்கு வெளியே திரண்டிருந்தது. உள்ளே விட்டது றோஸியையும், வரதராசாவையும், ஸாலிஹையும் மட்டும்.

வீட்டு வாசலில் நின்ற பத்மாவதியைக் கண்டதும் றோஸி நின்றுவிட்டாள்.

“அக்கா? நீங்களா?”

பத்மாவதி நிமிரவில்லை.

பேச்சு சிங்களத்தில் நடந்தது. வரதராசா முதலில் கதவைக் காட்டினார். தபால்காரன் வராத இடத்தில் தபால் துவாரம் ஏன் என்று கேட்டார். அதிகாரி குனிந்து துவாரத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“பழைய கதவு வாங்கிப் போட்டார்கள், சேர்” என்றார் சிவபாதசுந்தரம் அமைதியாக. “ஏழைகள். புதுக்கதவுக்கு எங்கே போவார்கள்? அது குற்றமா?”

“குற்றமில்லைதான்” என்றார் அதிகாரி.

“செங்கல்லைப் பற்றியும் கேட்பார். அதற்கும் அதே பதில்.”

அதிகாரி சிரித்தார். சார்ஜன்ட்டும் சிரித்தார். றோஸியின் முகம் வாடியது. கையில் இருந்த ஒரே சீட்டும் போய்விட்டது என்று அவள் நினைத்தாள்.

“வீட்டை விடுங்கள்” என்றார் சிவபாதசுந்தரம், வென்றவனின் தாராளத்தோடு. “வீடு பொய் சொல்லும். கிணறு சொல்லுமா? வந்து பாருங்கள். இந்தக் குடும்பம் முப்பது வருடம் குடித்த கிணறு. இதைக் குடித்துத்தான் இவளுடைய பிள்ளைகள் வளர்ந்தார்கள்.”

“நல்ல தண்ணீரா?” என்று கேட்டார் வரதராசா, ஒன்றும் தெரியாதவர்போல்.

“தேன்!”

“அப்படியானால் ஒரு உதவி. என் உதவியாளருக்குத் தொழுகை நேரம். கொஞ்சம் கைகால் கழுவிக்கொள்ளட்டுமா?”

“தாராளமாக.”

ஸாலிஹ் வாளியை இறக்கி அள்ளினான். பிஸ்மில்லாஹ் சொன்னான். கைகளைக் கழுவினான். ஒரு கை தண்ணீரை வாயில் விட்டுக் கொப்பளித்தான். அடுத்த கணம் அது கிணற்றுக்கட்டைத் தாண்டிப் பறந்தது.

“யா அல்லாஹ்! சேர், இது கிணறா, கடலா?” அவன் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு நின்றான். “நோன்பு முறியல்ல, வாய் முறிஞ்சி போச்சி!”

“நடிக்கிறான்!” என்று கத்தினார் சிவபாதசுந்தரம். முகம் சிவந்துவிட்டது. அது பொய்க் கோபமல்ல; உண்மையான கோபம். “இந்தக் கிணற்றை வெட்டின அன்றைக்கே என் வாயால் பார்த்தேன். நல்ல தண்ணீர்!” வாளியைப் பறித்து, இரண்டு கையாலும் ஏந்தி, மடமடவென்று குடித்தார். வெள்ளைச் சட்டை நனைந்தது. முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. “பாருங்கள்! சர்க்கரை!”

அதிகாரிக்கு இப்போது உண்மையாகவே ஆவல் வந்துவிட்டது. குடையைச் சார்ஜன்ட்டிடம் கொடுத்துவிட்டு, விரலை நனைத்து நாக்கில் வைத்தார். பிறகு கைக்குட்டையால் நாக்கையே துடைத்தார். சார்ஜன்ட் ஒரு வாய் குடித்துப் பார்த்து, பக்கத்தில் துப்பி, ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.

சிவபாதசுந்தரம் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

வரதராசா தமிழுக்கு மாறினார். “அண்ணை, நீங்கள் எந்த ஊர்?”

“புங்குடுதீவு. அதுக்கென்ன இப்ப?”

“நானும் அங்கதான். மத்தியானம் இந்தக் கிணத்துத் தண்ணியில ரெண்டு குவளை தேத்தண்ணி குடிச்சிட்டு, இன்னும் தாங்கோ எண்டு கேட்டனான். எங்கட தீவில கிணறெல்லாம் உவர். அந்தத் தண்ணியில வளர்ந்த நாக்குக்கு இது தேன்தான். பைப் தண்ணித் தேத்தண்ணி வாயில படும்வரைக்கும் எனக்கும் பிடிபடேல்லை. நீங்கள் செங்கல்லு பழசாப் பாத்து வாங்கினியள், ஓடு பழசாப் பாத்து வாங்கினியள். தண்ணியை மட்டும் உங்கட நாக்கை நம்பி விட்டிட்டியள்.”

பிறகு சிங்களத்தில், அதிகாரியைப் பார்த்து: “இந்த அம்மா வன்னிக்காரி. அங்கே குளத்துத் தண்ணீர், நல்ல தண்ணீர். இதை அவரால் வாயில் வைக்க முடியாது. அதனால் ஒழுங்கைப் பைப்பிலிருந்து கேனில் கொண்டுவருகிறார். அந்தப் பைப் வந்தே நாலு வருடம்தான். அதற்கு முந்தி இந்தக் குடும்பம் எதைக் குடித்தது? பிள்ளைகள் எதைக் குடித்து வளர்ந்தார்கள்? ஐயா, இவர் சற்று முன் இன்னொன்றும் சொன்னார். ‘இந்தக் கிணற்றை வெட்டின அன்றைக்கு என் வாயால் பார்த்தேன்’ என்றார். முப்பது வருடக் குடும்பத்தின் கிணற்றை இவர் எப்போது வெட்டினார்?” அதையே தமிழிலும் ஒருமுறை கேட்டார்.

சிவபாதசுந்தரத்தின் தாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“மாசிமாதம் வந்தா ஒரு வருஷம்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பத்மாவதி. தமிழில்தான் சொன்னாள், றோஸியைப் பார்த்துச் சொன்னாள். “நான் வந்தும் அவ்வளவுதான். உம்மட மனுசன் இஞ்ச வந்தவர் பிள்ளை. கத்தி ஒண்டும் கொண்டுவரேல்லை. பிள்ளையள் ஆரும் இருக்கினமோ, மழைக்கு இந்த இடம் தாழுமம்மா எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். எனக்குத் தண்ணி நிரப்பித் தந்தது அவற்ற பெண்சாதி எண்டு தெரியாமப் போச்சு.”

வரதராசா சார்ஜன்ட்டுக்கு மொழிபெயர்த்தார். சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். நாளை காலை இந்த அம்மாவின் புது வாக்குமூலத்தோடு நீதவான் முன்னால் போவோம், கிளறன்ஸை வைத்திருக்கக் காரணம் இல்லை என்றார். கேற்றுக்கு வெளியே கைதட்டல் எழுந்தது. றோஸி சிலுவை போட்டுக்கொண்டாள்.

“அப்ப இந்த மண்ணை எப்ப அள்ளுவாங்க?” என்று அதிகாரியைக் கேட்டாள்.

அதிகாரி தொண்டையைச் செருமினார். உப்பு இன்னும் போகவில்லைபோலும்.

“பழைய தோட்டம் அல்ல என்று எழுதுகிறேன். அது என் கடமை. ஆனால்...” சப்பாத்தால் கிரவலைத் தட்டிக் காட்டினார். “கால் புதைகிறதா? இல்லை. தண்ணீர் நிற்கிறதா? இல்லை. இது இப்போது சதுப்பு அல்ல, நோனா. சதுப்பு விதி சதுப்புக்குத்தான். நிரப்பி முடிந்த நிலத்துக்கு எங்களிடம் விதி இல்லை.”

“கொலைகாரன் பிணத்தைப் புதைத்துவிட்டால் கொலைச் சட்டம் இல்லை என்கிறீர்களா?” என்றார் வரதராசா.

“நான் சட்டம் எழுதுகிறவன் அல்ல. மேலிடத்துக்கு அனுப்புகிறேன். பதில் வரும்.”

“பதில் வர எத்தனை லொறி போகும்?” என்றாள் றோஸி.

அவர் குடையை வாங்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.

சிவபாதசுந்தரத்தின் முகத்தில் மெல்ல மெல்ல உயிர் திரும்பியது. சட்டையைப் பிழிந்தார். “கேட்டியள்தானே? கிளறன்ஸ் வரட்டும், சந்தோஷம். கிணத்தை நான் மூடிவிடுறன். அதுக்கும் கிரவல்தானே போடவேணும்.” கைத்தொலைபேசியை எடுத்தார். “லொறியளை அனுப்பு.”

*

முதல் லொறி வந்தபோது சூரியன் நாணலுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. கேற்றுக்கு முன்னால் லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். மறுபடியும் அடித்தான்.

பாதையின் குறுக்கே றோஸியின் வீட்டு வாங்கு கிடந்தது. அதன் மேல் றோஸி. அவளுக்குப் பின்னால் ஒழுங்கை முழுவதும் உட்கார்ந்திருந்தது. கதிரை கொண்டுவந்தவர்கள் கதிரையில், மற்றவர்கள் கிரவலில். சாய்ந்து கிடந்த அரசாங்கப் பலகையை யாரோ நிமிர்த்திக் கல் வைத்துக் கட்டியிருந்தார்கள். பத்மாவதி தன் துணிப் பையையும் கேனையும் கொண்டுவந்து வாங்கின் ஓரத்தில் நின்றாள்.

“இருங்க அக்கா” என்று றோஸி நகர்ந்து இடம் விட்டாள். “பதிவுக்கு நாளைக்கு கிளறன்ஸோட போவோம். அவருக்கு இனிப் பொலிஸ்ல எல்லாரையும் தெரியும்.”

தூரத்துப் பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. றோஸி பைப் தண்ணீர்க் குவளையை ஸாலிஹிடம் நீட்டினாள். அவன் முதலில் முகர்ந்து பார்த்தான், பிறகுதான் குடித்தான். குடித்துவிட்டுப் பாயை எடுத்துப்போய் லொறியின் முன்சக்கரத்துக்கு முன்னால் விரித்தான்.

“எவ்வளவு நேரம் அண்ணே?” என்று லொறிக்காரன் தலையை நீட்டிக் கேட்டான்.

“என்ட தொழுகை சுருக்கம். அது முடிய இவங்கட செபமாலை, அது நீளம். அதுக்குப் பொறகு எங்கட சேர் தேவாரம் பாடுவார். அதைக் கேட்டா நீயே லொறியைத் திருப்பிடுவே.”

லொறிக்காரன் சிரித்தான். எஞ்சினை நிறுத்தினான். பின்னால் வந்த லொறிகளும் ஒவ்வொன்றாக நின்றன.

சிவபாதசுந்தரம் காரிலிருந்து இறங்கி வந்தார். கத்தவில்லை. சிரித்துக்கொண்டே கேட்டார்:

“எத்தனை நாளைக்குப் பிள்ளை இதில இருப்பீர்?”

“வைகாசியில வெசாக் மழை வரும்வரைக்கும்” என்றாள் றோஸி. “அதுக்குப் பிறகு தண்ணி வந்து இதில இருக்கும். அதை எழும்பச் சொல்லிப் பாருங்க.”